கழுத்தனுக்கு வால் யார்

குதிகால் வலி விடிந்ததும் என்னோடு எழுந்துவிடும். படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். கொஞ்சம் நடந்தால் அடங்கும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி முதலிலிருந்து. நடக்கவே கூடாது என்றார் டாக்டர். நடந்தால்தான் எனக்குச் சோறு என்று சொன்னேன். மெத்தென்ற செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் செய்வது நடத்திக் காட்டும் வேலை. அந்தக் காலத்தில் கிடங்குத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, அது ஊரே தெருவுக்கு வரும் எழுச்சியாக வளர்ந்ததே, அது நடந்த தெருக்களுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், இங்கே இது நடந்தது, அங்கே அது நடந்தது என்று சொல்வேன். படித்துவிட்டு இதற்கு வரவில்லை. கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். கிடங்கை மூடினார்கள், வாய்தான் மிச்சம் இருந்தது, அதை வைத்துப் பிழைக்கிறேன். என் வாய்க்காகவும் யாரும் வருவதில்லை. ரகசிய அச்சகத்தில் போலீஸிடம் பிடிபட்டு, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போனவரின் மகள் நான். அதற்காகத்தான் வருகிறார்கள். போஸ்டரிலும் அப்படித்தான் போட்டிருக்கிறோம்.

போன மாதம் நகராட்சியிலிருந்து போன் வந்தது. ஐந்தாவது நிறுத்தத்தில் நான் சொல்வது பொய் என்று யாரோ மனு கொடுத்திருக்கிறார்களாம். எங்கள் ஆள் ஒருவர் வந்து கேட்பார், எப்போது என்று சொல்ல மாட்டோம் என்றார்கள். பொய் என்று முடிவானால் அனுமதி ரத்து. அன்றிலிருந்து கூட்டத்தில் தனியாக வரும் எவரைப் பார்த்தாலும் இவர்தானோ என்று தோன்றியது.

டிக்கெட் கொடுப்பது என் நாத்தனார். எல்லோரிடமும் சில்லறை கேட்டுக் கேட்டு அவளுக்குச் சில்லறை என்றே பெயர் விழுந்துவிட்டது. அன்று காலை பெட்டிக்குள் இருந்தபடியே கண்ணைக் காட்டினாள்.

"அண்ணி, அந்தாளு மறுபடி வந்திருக்கான்."

"எந்தாளு?"

"சாம்பல் சட்டை. இதோட மூணாவது தடவை. ஒரே சினிமாவை மூணு தடவை பாக்கிறவன் இருக்கான், ஒத்துக்கிறேன். ஒரே தெருவை மூணு தடவை காசு கொடுத்துப் பாக்கிறவன் இருக்கானா?"

"சத்தமாப் பேசாத."

"சரியா சில்லறை கொடுத்தான் அண்ணி. எண்ணி, மடிச்சு எடுத்துட்டு வந்திருக்கான். ஆபீஸ் ஆளைத் தவிர எவன் அப்படிக் கொடுப்பான்?"

பார்த்தேன். வயதான ஆள். சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருந்தார். மற்றவர்கள் போஸ்டருக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்க, அவர் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். முதல் தடவையும் அப்படித்தான், இரண்டாவது தடவையும் அப்படித்தான். நான் சிரிக்க வைக்கும் இடத்தில் சிரிக்க மாட்டார். கேள்வி கேட்க மாட்டார். போனை வெளியே எடுக்க மாட்டார். ஒரு மனிதன் சும்மா நிற்பது இவ்வளவு பயமுறுத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதல் நிறுத்தம் பழைய காகிதக் கிடங்கின் வாசல். அங்கே வேலைநிறுத்தம் எப்படித் தொடங்கியது என்று சொல்வேன். இரண்டாவது, ஆள் இடிக்காமல் ஏற முடியாத படிக்கட்டுச் சந்து. அந்தச் சந்தில்தான் கூட்டம் என் கைக்கு வரும்.

"இந்த மாதிரி சந்துல சுமை தூக்கறது ரெண்டு பேர் வேலை," என்றேன். "சுமை வெச்சிருக்கிறவருக்கு எங்க ஆளுங்க பாஷையில தலைன்னு பேரு. அவரால கீழ பாக்க முடியாது, பின்னால திரும்ப முடியாது. திரும்பினா சுமை சரியும், கழுத்து முறியும். அதனால அவருக்குப் பின்னாலயே இன்னொருத்தர் கைவீசிட்டு வருவாரு. அவருக்குப் பேரு வால்."

புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்திருந்தது. அந்தப் பெண் புருஷனை இடித்தாள். "இவருக்குப் பொறந்ததிலேர்ந்தே உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். சாம்பல் சட்டை சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கம்மா, வால்தான் கண்ணு. வழியில எதாவது தப்பா இருந்தா ரெண்டு தடவை கனைப்பாரு. கனைச்சா தலை எங்கயும் நிக்காம நேரா போயிட்டே இருக்கணும். கனைக்கலைன்னா வழி சரின்னு அர்த்தம். வால் இல்லாம எந்தத் தலையும் தெருவுல இறங்க மாட்டாரு. போராட்டத்துல ரகசியச் சுமையெல்லாம் இப்படித்தான் போச்சு."

மூன்றாவது நிறுத்தம் போராட்டக்காரர்களுக்குப் பொதுச் சாப்பாடு போட்ட கொட்டகை. இப்போது கார் நிறுத்துமிடம். நான்காவது, குண்டு துளைத்த சுவர். ஓட்டைகளைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார்கள், ஆனால் சிமென்டின் நிறம் வேறு என்பதால் எல்லாம் இன்னும் நன்றாகத் தெரியும். வழி நெடுக என் காதெல்லாம் பின்னால்தான் இருந்தது. அந்த ஆளின் செருப்பு ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே வந்தது. நான் வேகமாகப் போனால் வேகம், நின்றால் நிற்கும்.

ஐந்தாவது நிறுத்தம் அச்சகம். தெருமட்டத்துக்குக் கீழே ஒரு அறை, தரையை ஒட்டி ஒரு ஜன்னல். இப்போது அங்கே போன் உறை விற்கிறார்கள். நான் படியில் ஏறி நின்று, குரலைத் தாழ்த்தி, ஆரம்பித்தேன்.

"இங்கதான் துண்டறிக்கை அச்சடிச்சாங்க. பேப்பர் தீர்ந்துபோச்சு. நாம இப்ப நடந்து வந்தோமே, அதே வழியில ஒருத்தர் பேப்பர் கட்டைத் தலையில வெச்சு எடுத்துட்டு வந்தாரு. கழுத்தன்னு கூப்பிடுவாங்க, கழுத்து அவ்வளவு தடி. அவர் இந்தக் கதவுல சுமையை இறக்கின உடனே, பின்னாலயே போலீஸ். உள்ள இருந்த அஞ்சு பேரும் மாட்டினாங்க. அதுல ஒருத்தர் எங்கப்பா. கழுத்தனை மட்டும் போலீஸ் ரெண்டு அறை விட்டு அனுப்பிடுச்சு. ஏன் அனுப்பிச்சு? யோசிச்சுப் பாருங்க. காட்டிக்கொடுத்ததுக்குக் கூலி அது. அதுக்கப்புறம் அவர் இந்த ஊர்ல தலைகாட்டல. எங்கயோ போய்ச் செத்துப்போனதாக் கேள்வி."

இந்த இடத்தில் எப்போதும் ஒரு அமைதி விழும். அதை நான் கொஞ்சம் நீட்டுவேன். அன்று அந்த அமைதிக்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அன்னைக்குக் கழுத்தனுக்கு வால் யாரு?"

சாம்பல் சட்டைதான். குரல் கரகரவென்று இருந்தது.

"என்ன கேட்டீங்க?"

"வால். இல்லாம தலை தெருவுல இறங்க மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

கல்யாண ஜோடி என்னைப் பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக இரண்டாவது நிறுத்தத்தில் அதைச் சொல்லி, ஐந்தாவது நிறுத்தத்தில் இதைச் சொல்லி, இரண்டையும் நான் ஒருநாளும் ஒன்றோடொன்று மோதவிட்டதில்லை.

"அது... அவசரம். தனியா வந்திருப்பாரு," என்றேன்.

"சரி," என்றார் அவர்.

பேச்சை மாற்றினால் போதும் என்று, ஜன்னலைப் பாருங்கள் என்று அவசரமாகக் கையைக் காட்டினேன். எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். அவருக்குத் தலை திரும்பவில்லை. முதலில் கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள், பீரோவை நகர்த்துவது போல மொத்த உடம்பும் திரும்பியது. எங்கள் வீட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டால் அப்பா இப்படித்தான் திரும்புவார். இளம் வயது முழுக்கத் தலையில் சுமை தூக்கினவர்களுக்குக் கடைசியில் கழுத்து இப்படித்தான் பூட்டிக்கொள்ளும். எந்த ஆபீஸ் ஆளுக்கும் அப்படிக் கழுத்து பூட்டாது.

ஜெயில் வாசலில் கொண்டு போய் நடையை முடித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கூட்டம் கலைந்தபோது அவர் இல்லை.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி இருக்க? ஆபீஸ்காரன் எதாச்சும் சொன்னானா?" என்றாள் சில்லறை.

"அவர் ஆபீஸ் ஆள் இல்லை."

"அப்ப ரொம்ப மோசம். ஆபீஸ்னா எதாவது சொல்லிச் சமாளிக்கலாம்."

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு முட்டி, எனக்குக் குதிகால். அதனால் ஒரே தொட்டியில் வெந்நீர் ஊற்றி, எதிரெதிரே நாற்காலி போட்டு, இரண்டு பேரும் காலை விட்டுக்கொண்டு உட்காருவோம். தொட்டி சின்னது, கால்கள் இடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு அந்த நேரம் பிடிக்கும்.

"இன்னைக்குக் கூட்டம் எப்படி?"

"பரவாயில்லைப்பா. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டாரு."

"என்ன, ஜெயில்ல அடிச்சாங்களான்னா? ஆமான்னு சொல்லு. குறைச்சுச் சொல்லாத."

"கழுத்தனுக்கு வால் யாருன்னு."

அப்பாவின் கால் தொட்டிக்குள் அசைவதை நிறுத்தியது. எங்கள் கால்கள் தொட்டுக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது, முகத்தை அவர் நன்றாக வைத்துக்கொண்டார்.

"எவன் கேட்டான்?"

"வயசானவர். கழுத்து திரும்பல. உடம்போட திரும்பினாரு."

"ஊர்ல பாதிப் பேருக்குக் கழுத்து திரும்பாது."

"அவர் செத்துட்டாருன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"சொன்னாங்க."

"யாரு?"

"எப்பவோ சொன்னதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? தண்ணி ஆறிடுச்சு பாப்பா, கொஞ்சம் சுட வை."

தண்ணீர் ஆறவில்லை. எனக்குச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. நாற்பது தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடும் அந்தக் குரலை நான் அன்றுவரை சந்தேகப்பட்டதில்லை. சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்தால் வீட்டில் இருக்கிற சாமானையெல்லாம் தொட்டுப் பார்க்கும். கதை முழுவதையும் எனக்குச் சொன்னவர் அப்பா. அச்சகத்துக்குள் இருந்த மற்ற நாலு பேரும் அச்சுக் கோர்க்கிறவர்கள், எழுதுகிறவர்கள். அப்பாவுக்குப் படிக்க வராது. சுமை தூக்குகிற அப்பாவுக்கு அச்சகத்துக்குள் என்ன வேலை?

"அப்பா, நீங்க அங்க எதுக்குப் போனீங்க?"

"எங்க?"

"அச்சகத்துக்கு."

அவர் ஒரு காலைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தார். துடைத்துக்கொள்ளத் துணி எடுக்கக் குனிந்தார், எட்டவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பசி," என்றார்.

"என்னது?"

"பசி பாப்பா. வேலை நிறுத்தம்னா வீட்டுல அடுப்பும் நிறுத்தம். நான் சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சு, புளியங்கொட்டை மென்னதெல்லாம் கணக்கில்லை. கிடங்குலேர்ந்து அவன் பின்னால வந்துட்டுதான் இருந்தேன். கொட்டகைகிட்ட வந்தப்போ வாசனை. தட்டு கொடுத்துட்டு இருந்தாங்க. வரிசை சின்னதா இருந்துச்சு. ஒரு தட்டு வாங்கி நின்னபடியே போட்டுக்கிட்டு ஓடிப் பிடிச்சுடலாம்னு நினைச்சேன்."

"அவர்கிட்ட சொல்லிட்டு நின்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அவனும் நிக்கணும், தலையில சுமை. வாலுக்கு வாய் ரெண்டு கனைப்புக்குத்தான். பேசாம இருந்தா வழி சரின்னு அவன் போயிட்டே இருப்பான். போயிட்டே இருந்தான்."

"அப்புறம்?"

"சாப்பிட்டேன். குறுக்குச் சந்து வழியா ஓடினேன். அவனுக்கு முன்னால போய் உள்ள நின்னேன், கடைசியில முந்திட்டு வந்தேன்னு அவன் நினைக்கட்டும், நடுவுல நான் வரலைன்னு தெரியக் கூடாதுன்னு. அவன் வந்து கட்டை இறக்கினான். பின்னாலயே அவனுங்க."

"ஜெயில்ல மத்தவங்க கேட்டிருப்பாங்களே, போலீஸைக் கூட்டிட்டு வந்தது யாருன்னு?"

"கழுத்தன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. கதவுல நின்ன அவனை வெறும் கூலின்னு விட்டுட்டாங்கள்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் அப்பா. அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை மாதிரி ஏதோ இருந்தது. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. எனக்குக் கதை சொன்னபோதும் 'மத்தவங்க அப்படித்தான் சொன்னாங்க' என்றுதான் முடித்திருக்கிறார், அவரை யாரும் பொய் சொன்னவர் என்று சொல்ல முடியாது. பொய்யைச் சொன்னவள் நான்தான், டிக்கெட் போட்டு.

"அவராவது சொல்லியிருக்கலாமே, என் வால் நின்னுட்டான்னு?"

"சொல்ல மாட்டான். சுமைக்குக் கீழ நடந்ததைத் தலையும் வாலும் மூணாவது ஆள்கிட்ட சொல்லக் கூடாது. அது எங்க வழக்கம். அடிச்சுக்கலாம், வெளிய சொல்லக் கூடாது."

"வழக்கம் ரொம்ப வசதியா இருந்திருக்கு உங்களுக்கு."

"போஸ்டர்ல என் படம் இருக்கு பாப்பா," என்றார். அது கெஞ்சலா மிரட்டலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்க வரணும். அந்தக் கதவுகிட்ட நின்னு நீங்களே சொல்லணும்."

"வர்றேன்," என்றார். "முட்டி விட்டா வர்றேன்."

ஞாயிறு காலை முட்டி விடவில்லை. நான் செருப்பு மாட்டும் வரை அவர் போர்வையைக் கண் வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறவர் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

சில்லறையிடம் விஷயத்தைச் சொன்னேன். பெட்டிக்குள் நோட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி, உனக்குப் பைத்தியமா? கூட்டம் வர்றதே உங்கப்பா பேருக்குத்தான். அதைச் சொல்லிட்டா நாளைக்கு யாரு வருவா? ஆபீஸ்காரன் வேற எந்த மூஞ்சில வந்து நிக்கிறானோ. நம்ம வாயாலயே மனு உண்மைன்னு சொல்லிக் கொடுப்போமா?"

"அவர் வந்திருக்காரா?"

"யாரு, சாம்பலா? வந்திருக்கான். அதே சரியான சில்லறை." அவள் குரல் இறங்கியது. "இன்னைக்கு வெள்ளைச் சட்டை."

நடந்தேன். கிடங்கு வாசல், படிக்கட்டுச் சந்து. கொட்டகை இருந்த இடத்தில் கார்களுக்கு நடுவே நின்று, இங்கே சாப்பாடு போட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். பின்னால் செருப்புச் சத்தம் அதே சீரில் வந்தது. இந்தத் தடவை அது இல்லாமல் போய்விடுமோ என்றுதான் பயம்.

அச்சகத்துப் படியில் ஏறி நின்றேன். பேப்பர் கட்டு, கழுத்தன், போலீஸ், ஐந்து பேர் வரைக்கும் வழக்கம் போலச் சொன்னேன்.

"இதுக்கு மேல இத்தனை நாளா நான் சொன்னது தப்பு," என்றேன். "கழுத்தன் யாரையும் காட்டிக்கொடுக்கல. அவருக்கு ஒரு வால் இருந்தாரு. அந்த ஆள் வழியில கொட்டகைல சாப்பிட நின்னுட்டாரு. பின்னால போலீஸ் வர்றது தலைக்குத் தெரியாது. கனைக்க ஆளில்லை. கனைப்பு வராததால வழி சரின்னு நம்பி வந்தாரு."

முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: "அப்ப அந்த வால் யாரு?"

"எங்கப்பா."

வழக்கமாக விழும் அமைதி விழவில்லை. முணுமுணுப்புதான் வந்தது. ஒரு பையன் போஸ்டர் படத்தைப் போனில் தேடி அம்மாவிடம் காட்டினான். இவ்வளவு நாளா எங்களை ஏமாத்தினீங்களா என்று ஒருவர் நேராகவே கேட்டார். ஆமாம், நானும் ஏமாந்துதான் ஏமாத்தினேன் என்றேன். அவர் காசைத் திருப்பிக் கேட்டுச் சில்லறையைத் தேடிப் போனார். ஆபீஸ் ஆள் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா, இனிமேல்தான் வருவாரா, தெரியாது.

ஜெயில் வாசலில் கூட்டம் கலைந்த பிறகும் அவர் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"செத்தவன் மாதிரியா இருக்கேன்?" என்றார்.

"மன்னிச்சுடுங்க. மனு நீங்க கொடுத்ததா?"

"என் மக கொடுத்தது. நான் வேணாம்னேன். சுமைக்குக் கீழ நடந்ததுக்கு மனு எதுக்கு?"

"பின்ன எதுக்கு நாலு தடவை வந்தீங்க?"

"பேரனைப் பள்ளிக்கூடத்துல உங்க நடைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வீட்டுக்கு வந்து கழுத்தன் கதையை எனக்கு நடிச்சுக் காட்டினான். நான்தான் அதுன்னு அவனுக்குத் தெரியாது. நல்லாத்தான் நடிச்சான், தலையணையைத் தலையில வெச்சுக்கிட்டு. கைதட்டச் சொன்னான். தட்டினேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அன்னைக்குப் பின்னால செருப்புச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு," என்றார். "உன் அப்பன்தான்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் அவன்தான்னு நினைச்சேன்." கொஞ்சம் நின்று, "இப்ப எப்படி இருக்கான்?" என்றார்.

"முட்டி வலி."

"எனக்குந்தான் வலிக்குது. நடந்துதானே வந்தேன்?"

"அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன்."

"நீ இழுத்துட்டு வராத. நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்ட. உன் பங்கு முடிஞ்சுது." மொத்த உடம்பையும் திருப்பிக்கொண்டு போனார்.

வீட்டில் அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருந்தார். வெளியே போகும் செருப்பு காலில் இருந்தது. கதவு நான் தட்டும் வரை உள்ளே தாழ் போட்டிருந்தது.

"வந்தானா?"

"வந்தாரு."

"என்ன கேட்டான்?"

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு."

அப்பா செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் தள்ளி வைத்தார். தண்ணீர் சுட வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. என் குதிகால் அடுத்த ஞாயிறும் அந்தத் தெருவில் நடக்கும், யாராவது வந்தாலும் வராவிட்டாலும். ஆனால் கொட்டகையிலிருந்து அச்சகக் கதவு வரை கழுத்தனுக்குப் பின்னால் நடக்க வேண்டியவர் அப்பா. அந்தத் தூரம் அவர் அந்த மனிதருக்குப் பட்ட கடன். அது இன்னும் பாக்கி.